ஏழு கம்பளிப்புழுக்களும் ஒரு மஞ்சள் அட்டையும்

“ஜூலை 9, புதன், காலை 7.40. டிபன் டப்பாவில் கம்பளிப்புழுக்கள், ஏழு. வந்த இடம்: ஊத்துக்கோட்டைக்கு அப்பால், வேர்க்கடலைக் கொல்லை. அடையாளம்: நிலுவை.”

என் குறிப்பேட்டின் இந்தப் பதிவில் ஒரு செய்தி விட்டுப்போயிருக்கிறது. டப்பாவைக் கொண்டுவந்த பெண்மணி அழாக்குறையாக நின்றார். கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் அவர் பேக்கிங் பிரிவு, நான் தரக்கட்டுப்பாடு. கொல்லையை அந்த ஆண்டுதான் குத்தகைக்கு எடுத்திருந்தார், முதல் சாகுபடி. அந்துப்பூச்சிகளைப் பற்றி, கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருப்பவன் நான் என்பதால் என்னிடம் வந்துவிட்டார்.

“பக்கத்துக் கொல்லிய மொட்ட அடிச்சிட்டு எங்கள்துக்கு வந்துகினு கீது சார். அடுத்த வருசத்துக்கு வெதையே இதுலதான் எடுக்கணும். இன்னா சார் பண்றது?”

தரக்கட்டுப்பாட்டில் ஒரு வழக்கம் உண்டு. இன்னதென்று தெரியாத சரக்கு வந்தால் மஞ்சள் அட்டை கட்டி ஒதுக்கிவைப்போம். அடையாளம் உறுதியாகும்வரை யாரும் கைவைக்கக் கூடாது. பல ஆண்டுப் பழக்கம் வாயில் வந்துவிட்டது.

“உறுதி பண்ணிச் சொல்றேம்மா. அதுவரைக்கும் ஒண்ணும் செய்யாதீங்க” என்றேன். டப்பாவுக்கும் ஒரு மஞ்சள் அட்டை கட்டினேன்.

அவை புலி அந்துப்பூச்சிகளின் புழுக்கள் என்பது பார்த்ததுமே தெரிந்தது. ஆனால் என் குறிப்பேட்டில் புலி அந்துப்பூச்சிகள் இன்னும் தனிக் குடும்பமாகவே இருந்தன. வகைப்பாட்டாளர்களோ அவற்றை எரெபிடே என்ற பெரிய குடும்பத்துக்குள் ஒரு துணைக்குடும்பமாகச் சேர்த்து வெகுகாலம் ஆகிவிட்டது. பழைய தலைப்பின் கீழ் புதிய பதிவு போடலாமா? தொழிற்சாலை முறைப்படி பக்கத்துக்குப் பக்கம் பழைய தலைப்பை அடித்து ஒற்றைக் கோடு, சுருக்கொப்பம், தேதி. குளவி வேடம் போட்டுப் பகலில் பறப்பவை, மரப்பட்டையில் பாசிபோல் படரும் லைக்கனைத் தின்று வளரும் பொடியர்கள், கிலுகிலுப்பைச் செடியை விட்டு நகராத சிவப்புப் புள்ளிக்காரிகள் என்று உறவினர் அனைவரையும் புதுவீட்டில் குடியேற்றினேன். வியாழக்கிழமையும் அதிலேயே போயிற்று. மகிழ்ச்சியாக இருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அவர் நேராக என் மேஜைக்கு வந்தார்.

“பேரு வச்சாச்சா சார்?”

“குடும்பம் முடிவாயிடுச்சும்மா. எந்த இனம்னுதான்…”

“நல்லது. காதும் நீங்களே குத்திடுங்க. அங்க வரப்போரம் ஒரு எல பச்சையா இல்ல. ‘உன்ன சும்மா குந்தச் சொன்ன புண்ணியவான் யாருடி’ன்னு எங்க நாத்தனாரு கேக்குறா. நேத்து சாயந்தரம் நாங்க ரெண்டு பேரும் கொல்லியச் சுத்திப் பள்ளம் வெட்டிட்டோம். உள்ள உழறத அள்ளி மண்ணெண்ணெத் தண்ணில போட்டுகினு கீறோம்.”

“இன்னதுன்னு தெரியாமலேயா?” என்று நான் கேட்கவில்லை என எழுத ஆசைதான். கேட்டேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். “செடியத் தின்னுது சார். அது தெரியும்” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

வரப்போரமும் ஒரு மூலையும் போக மீதி தப்பியது. விதைக்கு வேண்டியதை எடுத்துவிட்டதாக அறுவடையின்போது சொன்னார். என்னைக் கேட்டிராவிட்டால் மூலையும் தப்பியிருக்கும்; அதை அவர் சொல்லவில்லை.

டப்பாவில் இரண்டு புழுக்கள் மண்ணுக்குள் கூட்டுப்புழுக்களாகிவிட்டன. பூச்சி வெளிவந்தால் முன்னிறக்கையின் விளிம்பு மஞ்சளா சிவப்பா என்று பார்த்து இனத்தைச் சொல்லலாம். இதை எழுதும் நாள்வரை எதுவும் வெளிவரவில்லை. அந்தக் கொல்லையைத் தின்றது எந்த இனம் என்பது சரிபார்க்கப்படவில்லை.