கடைசித் தாளில் எழுதியவர்

ஓசூரில் எங்கள் கம்பெனி பஸ்ஸில் வாட்ச்மேன் ஒருவர் என் பக்கத்தில்தான் உட்காருவார். காலர்வரை பட்டன் போட்ட காக்கிச் சட்டை. பைபிளில் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் முடிந்தபின் வரும் வெற்றுத் தாளில் பென்சிலால் எழுதிக்கொண்டே வருவார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“யோவ், வேதம் முடிஞ்சிருச்சு. அதுக்கப்புறம் எழுத நீ யாரு?”

“நான் எங்க தம்பி எழுதறேன்? கர்த்தர் சொல்றாரு, குறிச்சுக்கறேன்.”

பிடுங்கிப் படித்தேன். ‘மூன்றாம் பிரஸ், வலது கை’ என்று இருந்தது. அது நான் ஓட்டும், தகடு வெட்டும் மெஷின்.

“கள்ளத் தீர்க்கதரிசி!” என்று கத்தி, தாளைக் கிழித்தெறிந்தேன். அவர் கோபப்படவில்லை. துக்கம் கேட்க வந்தவர்போல என் வலது கையைத் தடவிக் கொடுத்தார்.

அன்றே பேக்கிங்குக்கு மாற்றல் வாங்கினேன். இன்றும் சபையில் வேதம் முடிந்துவிட்டது என்றுதான் அடித்துச் சொல்கிறேன். சொல்லும்போது வலது கை பாக்கெட்டுக்குள் இருக்கிறது.