சரசக்கா கடையில் அந்தத் தண்ணீர் பாட்டில் கிடையாது

சரசக்கா போய்விட்டார். காலையில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே...

கொழிஞ்சாம்பாறையில் பொள்ளாச்சி பஸ் ஏறுகிறவர்களுக்குத் தெரியும். ஸ்டாப்பை ஒட்டி ஒரு பெட்டிக்கடை, அதில் ஒரு வாயாடி அக்கா. அவரேதான்.

பக்கத்தில் ஒரு வாட்டர் கம்பெனி போர் மேல் போராகப் போட்டு உறிஞ்ச, எங்கள் கிணறுகள் வற்றின. நாங்கள் பேஸ்புக்கில் பாய்காட் ஆரம்பித்தோம். ஹேஷ்டேக், மீம், லைவ்... எல்லாம்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"ஏங்கண்ணு, கம்பெனிக்காரன் பேஸ்புக்கெல்லாம் பாப்பானா?"

"ட்ரெண்டிங் ஆச்சுன்னா பாத்துத்தானுங்க்கா ஆகோணும்."

"அப்ப அப்படியே நம்ம கெணத்தையும் ஒருக்கா எட்டிப் பாக்கச் சொல்லு."

கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வாரமே, கம்பெனி ஓசியில் கொடுத்திருந்த ஃபிரிட்ஜைத் திருப்பி அனுப்பிவிட்டார். அதில் அவர்கள் சரக்கை மட்டும்தான் வைக்க வேண்டும் என்பது கண்டிஷன்.

ஃபிரிட்ஜ் நேராக எதிர்க்கடைக்குப் போனது. கூடவே சித்திரை வெயில் வியாபாரமும்.

கம்பெனி அசைந்ததா என்றால், அசைந்தது. லேபிளில் ஒரு பச்சை இலை வந்தது. மழைநீர் சேமிப்பு பற்றி அழகாக ஒரு வீடியோ போட்டார்கள். போர் மட்டும் நிற்கவில்லை.

ஷேர் செய்தவர்கள் அடுத்த பிரச்சினைக்குப் போய்விட்டார்கள். குறை சொல்லவில்லை... மனுஷன் எத்தனைக்குத்தான் கத்துவான். எனக்கே அலுத்துவிட்டது.

அக்காவுக்கு மட்டும் பாய்காட் முடிந்துவிட்டதென்று யாரும் சொல்லவில்லை.

போன மாதம்கூட ஒருவர் கூல் பாட்டில் கேட்டார். "அது இங்க இல்லீங்க. மோரு இருக்குது, குடிச்சுப் போட்டுப் போங்க." அவர் எதிர்க்கடைக்கு ஓடினார். எனக்குத்தான் கோபம் வந்தது. "போனாப் போறான் உடு கண்ணு" என்று அக்கா பானையை மூடி வைத்தார்.

மதியம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காவைக் குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை. கிணற்றில் வெறும் சேறு, டேங்கரும் வரவில்லை.

யாரோ எதிர்க்கடையிலிருந்து கேன் கேனாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்தக் கம்பெனி கேன்தான்.

அக்கா மகள் வாசலில் உட்கார்ந்து, ஒவ்வொரு கேனிலும் லேபிளை நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள்.

"வேற தண்ணி இல்லீங்கண்ணா" என்றாள்.

மூடியைத் திறந்து கொடுத்தேன். பெண்கள் உள்ளே தூக்கிப் போனார்கள்.

அடக்கம் சாயங்காலம். தெரிந்தவர்கள் வந்துவிடுங்கள்.

போயிட்டு வாங்க்கா...