கறுப்பு மணித் தட்டு

குடவாசலிலிருந்து கும்பகோணம், அங்கே பஸ் மாறித் தஞ்சாவூர். கல்மணிக் கண்காட்சிக்கு ஒரு நாள் தனியாகப் போய்வருகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர் சிரித்தார். "மணி பாக்கவா? அதுக்கு ஒரு நாளா?"

"உங்க கிரிக்கெட்டுக்கு அஞ்சு நாள் ஆகலாம், என் மணிக்கு ஒரு நாள் ஆகக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு, சோற்றை மூடி வைத்துவிட்டுக் கிளம்பினேன். வாயில் நான் யாருக்கும் குறைந்தவள் இல்லை. அந்த வாய் அன்றைக்குச் செய்த வேலையை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

வீட்டிலேயே மணி கோத்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு விற்பவள் நான். தெருவில் யாருக்கு மாலை அறுந்தாலும் என்னிடம்தான் வரும். அன்று என் கைப்பையில், ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரில், பக்கத்து வீட்டு அக்காவின் கருகமணி இருந்தது. எங்களுக்குத் தாலி எப்படியோ அப்படி அவர்களுக்குக் கருகமணி; நிக்காஹ் அன்று கழுத்தில் ஏறும் கறுப்பு மணிச்சரம். அக்காவின் கணவர் சவூதியில் வேலை பார்த்த இடத்திலேயே போன வருஷம் இறந்தார். அடக்கமும் அங்கேயே. செய்தி வந்த அன்று அக்கா சரத்தைக் கழற்றும்போது நூல் அறுந்து, சில மணிகள் எங்கோ ஓடிவிட்டன. இப்போது மகளுக்குக் கல்யாணம். சரத்தில் இருந்த தங்கத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு மணிகளை மட்டும் என்னிடம் கொடுத்தார்.

"குறையிற நாலு மணிய மட்டும் புதுசா போட்டுக் கோத்துக் குடும்மா. அவ அத்தா எனக்குப் போட்ட மணி. கடைசியா முகத்தப் பாக்கத்தான் புள்ளைக்குக் குடுத்து வைக்கல. இதாவது அவ கழுத்துல இருக்கட்டும்."

"சந்தோஷமா செஞ்சு தர்றேன்க்கா" என்று இரண்டு கையாலும் வாங்கினேன். முகமெல்லாம் சிரிப்பு. உள்ளே வேறு ஓடியது. புருஷனை இழந்தவள் கழற்றிய மணியைக் கல்யாணப் பெண்ணுக்குப் போடுவதா? எங்கள் பக்கத்தில் சொன்னால் காதைப் பொத்திக்கொள்வார்கள். அவர் போனதும் அந்தக் கவரை எங்கே வைப்பது என்று திண்டாடினேன். சாமி அலமாரிப் பக்கம் வேண்டாம். பீரோவில் என் கூறைப்புடவை இருக்கிறது, அங்கேயும் வேண்டாம். கடைசியில் வாசலுக்கு வெளியே செருப்பு ஸ்டாண்டின் மேல்தட்டில் வைத்தேன். நானும் டிகிரி படித்தவள்தான்.

ஊருக்குக் கிளம்பும்போது அதை வெளியே விட்டுப்போகவும் பயம், உள்ளே கொண்டுபோய் வைக்கவும் மனசில்லை. அளவு பார்த்து வாங்கத் தோதாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கைப்பையில் போட்டேன். அளவு பார்க்க ஒரு மணி போதாதா?

குறுவை அறுப்புச் சமயம். ரோட்டில் பாதியை நெல் காயப்போட எடுத்துக்கொண்டிருந்தார்கள், பஸ் ஊர்ந்தது. "அம்மா" என்று யாரும் கூப்பிடாத சுகத்தில் ஒரு பாக்கெட் முறுக்கை ஒண்டியாகத் தின்று தீர்த்தேன்.

கண்காட்சி ஒரு கல்யாண மண்டபத்தில். பவளம், செவ்வந்திக்கல், பச்சை, நீலம் என்று சரம் சரமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மேஜையில் பெரிய எவர்சில்வர் தட்டு நிறையப் பொடிக் கறுப்பு மணி. விற்றவள் வடக்கே இருந்து வந்த பெண். தமிழில் விலை சொல்லத் தெரியும், அதற்கு மேல் தெரியாது.

"இதெல்லாம் ஒரு மணியா? ஒரிஜினல் எப்படி இருக்கும்னு பாக்குறீங்களா?" என்று பெரிய வியாபாரி மாதிரி கவரைத் திறந்து, அக்காவின் மணிகளை அவள் தட்டின் ஓரத்தில் கொட்டினேன். அவள் தலையை ஆட்டினாள். அதே நேரம் எதிர் மேஜையில், எந்தச் சரம் எடுத்தாலும் ஒரே விலை என்று கூவினார்கள். கூட்டம் மொய்த்தது. "பாத்துக்கங்க, இதோ வந்துட்டேன்" என்று தமிழில் சொல்லிவிட்டு ஓடினேன். முண்டியடித்து ஒரு செவ்வந்திச் சரத்தைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினால், தட்டு ஒரே சமமாக இருந்தது. ஓரத்தில் சிந்தியது தன் மணிதான் என்று நினைத்து அவள் கையால் உள்ளே தள்ளி நிரவிவிட்டிருக்கிறாள்.

என் பயம் வாய் வழியாக வந்தது. "என் மணி எங்கே? ஊரு விட்டு ஊரு வந்து திருடுறீங்களா?" என்று கத்தினேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. ஒருத்தர் போலீஸைக் கூப்பிடலாமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. என் கையிலிருந்த காலி கவரைப் பார்த்ததும்தான் அவளுக்கு விஷயம் புரிந்தது. வியாபாரத்தை விட்டுவிட்டு, தரையில் வெள்ளைத் துணி விரித்துத் தட்டைக் கவிழ்த்தாள். என்னோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். வியர்வை பட்டு மங்கியவை, துளையில் நூல் பிசிறு ஒட்டியவை என்று பார்த்துப் பார்த்து எடுத்தோம். பாதி கிடைத்திருக்கும். அதிலும் எது நிச்சயம், எது இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. மீதிக்கு அவளே ஒரு கைப்பிடி புது மணியை அள்ளித் தனியாக ஒரு கவரில் போட்டுக் கொடுத்துக் கும்பிட்டாள். காசு வாங்கவில்லை.

மன்னிச்சுக்கம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. செவ்வந்திச் சரத்துக்குப் பணம் கொடுக்க மட்டும் மறக்கவில்லை. சீ, என்ன பொம்பளை நான்!

கோத்து முடித்ததும் அக்கா வந்தார். "நாலு மணிதானே புதுசு?"

"நாலே நாலுதான்க்கா."

அக்கா சரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "உங்கள்ல இதெல்லாம் பாப்பாங்களேன்னு பயந்துக்கிட்டேதான் உன்கிட்ட வந்தேன். நீ மூஞ்சி சுளிக்காம வாங்குனே பாரு, அன்னைக்கே உன்னக் கூடப்பொறந்தவளா நினைச்சுட்டேன்." அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். காபி கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

நிக்காஹ் அன்று மாப்பிள்ளையின் அக்கா கருகமணியைக் கட்டினார். பெண்கள் கூட்டத்தில் பின்னால் ஒதுங்கி நின்ற என்னை மணப்பெண்தான் தேடிக் கூப்பிட்டாள். குனிந்தேன். காதோரம் கேட்டாள்: "ஆண்ட்டி, இதுல எது புது மணி? அத்தாவோடத மட்டும் கொஞ்ச நேரம் புடிச்சுக்கணும் போல இருக்கு."

"பின்னாடி, பிடரிகிட்ட இருக்குற நாலுதாம்மா புதுசு" என்றேன்.

அவள் முன்பக்கத்து மணிகளைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு "அத்தா" என்றாள். முன்பக்கம் பார்வையாக இருக்கட்டும் என்று, கண்காட்சிக்காரி கொடுத்த அந்தக் கைப்பிடி மணிகளை நான்தான் அங்கே கோத்திருந்தேன்.