சுவருக்கு அந்தப் பக்கம்

எங்கள் டூரிங் கொட்டகையை மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது ஊரில் பாதிப் பேர் நம்பவே இல்லை. அதற்குக் காரணம் உண்டு. எந்தப் படம் வந்தாலும் இரண்டாம் நாளே போஸ்டரின் குறுக்கே 'இன்றே கடைசி' என்று ஒரு துண்டுத்தாளை ஒட்டிவிடுவார்கள். படம் அதற்குப் பிறகும் நாலைந்து நாள் ஓடும். கடைசி என்ற சொல்லைப் பார்த்துப் பார்த்து எங்களுக்கு மரத்துப் போயிருந்தது. மைக் செட் கட்டிய மாட்டு வண்டி, கொட்டகைக்கே இந்த வெள்ளியோடு கடைசி என்று கத்திக்கொண்டு போனபோதும், "இவுகளுக்கு வேற வேலை இல்ல" என்று பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

நான் நம்பினேன். வீட்டுக்கு வீடு டிவி வந்து, கல்யாண வீட்டில்கூட வாடகைக்கு வீடியோ டெக் எடுத்துப் படம் போடுகிற காலம் அது. கொட்டகையின் மணல் தரை காலியாகக் கிடந்ததை வாராவாரம் பார்த்தவள் நான். நம்பியதும் எனக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை, கோபம். எனக்கு அங்கே ஒரு காரியம் பாக்கி இருந்தது.

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற சாலையில், கருவேலங்காட்டை வெட்டித் திருத்திய பொட்டலில் அந்தக் கொட்டகை இருந்தது. உள்ளே திரையிலிருந்து பின்பக்கம் வரை இடுப்பு உயரத்துக்கு ஒரு மண்சுவர். இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். கட்டிய புருஷனாக இருந்தாலும் அந்தப் பக்கம்தான். கல்யாணமான நாளிலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் வாரம் ஒரு படம் பார்த்திருக்கிறோம். ஒன்றைக்கூடச் சேர்ந்து உட்கார்ந்து பார்த்ததில்லை. மூடுவதற்குள் ஒரு படமாவது அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அவர் கரிமூட்டம் போடுகிறவர். கருவேல விறகை அடுக்கி, மண்ணால் மூடி, தீ வைத்துவிட்டு, எங்கே வெடிப்பு விழுந்து புகை கக்குகிறது என்று விடிய விடியக் காவல் இருக்கிற வேலை. இருந்தாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, சைக்கிளை எடுத்துவிடுவார். இடைவேளையில் சுவருக்கு மேலாக முறுக்குப் பொட்டலத்தை நீட்டுவார். அப்போது கண் சிவந்திருக்கும். அம்மா பிள்ளையைப் பிரிகிற காட்சிக்கு அழுதிருக்கிறார் என்று நான் உருகிப்போவேன். "எங்க வீட்டுக்காரருக்கு இளகின மனசு" என்று அக்கம்பக்கத்தில் பெருமை அடித்திருக்கிறேன். திரும்பும்போது கேரியரில் உட்கார்ந்து முதலிலிருந்து முழுப் படத்தையும் நான் சொல்வேன். அவர் மிதித்துக்கொண்டே, "அப்புறம்?" என்பார்.

கடைசி வெள்ளி, கடைசி ஆட்டத்துக்கு அவர் கையைப் பிடித்துப் பெண்கள் வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். வருகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டிருந்த முதலாளி, எங்களைப் பார்த்ததும் கூப்பிய கையை இறக்க மறந்துவிட்டார்.

"என்ன தாயி இது? மத்தவுக என்ன சொல்லுவாக?"

"நாளைக்குக் கொட்டகையே இருக்காது. கேக்குறவுக எங்க வந்து நின்னு கேப்பாக?"

அவர் சிரித்துவிட்டார். "சரி போங்க. சுவத்தோரமா ஒக்காருங்க."

என் வீட்டுக்காரர்தான் கூனிக்குறுகிப் போனார். "வேணாம், நான் அங்கிட்டே போறேன்" என்று முனகினார். நான் விடவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து மணலைக் குவித்து மேடாக்கி அவரை உட்கார வைத்தேன். "அண்ணனுக்கு வழி தப்பிருச்சா?" என்று ஒருத்தி கேட்டாள். சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொருத்தி சுவருக்கு மேல் எட்டி, "ஏங்க, நீங்களும் வாங்க" என்று தன் புருஷனைக் கூப்பிட்டாள். விளக்கை அணைப்பதற்குள் ஏழெட்டு ஆண்கள் சுவரைத் தாண்டியிருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் பாட்டு முடியவில்லை, என் தோளில் கனமாக ஏதோ சாய்ந்தது. பார்த்தால் அவர் தலை. குறட்டை வேறு. உலுக்கினேன். திறந்த கண் சிவந்திருந்தது. இத்தனை நாள் நான் பெருமை பேசிய அதே சிவப்பு.

"அப்ப இத்தனை வருசமும் அங்கிட்டு ஒறங்கிக்கிட்டுத்தான் இருந்தீகளா?"

"சத்தம் போடாத. மூட்டத்துக்குக் காவல் இருந்துட்டு வாரேன். இருட்டுனதும் கண்ணு சொக்கிருது."

"பெறகு எதுக்கு வாரம் தவறாம வந்தீக?"

"திரும்பிப் போறப்ப நீ கதை சொல்லுவேல்ல. அதக் கேக்கத்தான்."

பக்கத்தில் இருந்தவள் "அடி ஆத்தி!" என்றாள். எனக்கு வந்திருக்க வேண்டிய கோபம் வரவில்லை. அவர் தலையை மறுபடி தோளில் சாய்த்துக்கொண்டு மீதிப் படத்தை ஒரு காட்சி விடாமல் பார்த்தேன். போகும்போது சொல்ல வேண்டுமே.

படம் முடிந்ததும் முதலாளி மைக்கைப் பிடித்தார். வணக்கம் மட்டும் சொன்னார். ஆட்டம் தொடங்குமுன் வழக்கமாகப் போடுகிற சாமி பாட்டை இன்னொரு முறை போட்டார். அது முடியும்வரை யாரும் நகரவில்லை.

கேரியரில் ஏறியதும் எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. படத்தில் செத்துப்போன தங்கச்சியைப் பிழைக்க வைத்தேன். வில்லனை நரிக்குடிக் கண்மாயில் தள்ளினேன். "நல்ல படம்" என்றார் அவர்.

அடுத்த வெள்ளிக்குள் கொட்டகையின் கீற்றையெல்லாம் பிரித்து லாரியில் ஏற்றிப் போய்விட்டார்கள். அன்று சாயங்காலம் அவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க கெளம்பிட்டீக?" என்று கேட்டேன்.

"கொட்டகை வரைக்கும் போயிட்டு வருவோம், ஏறு."

பொட்டலில் அந்த மண்சுவர் மட்டும் நின்றது. அவர் இறங்கக்கூட இல்லை. சைக்கிளை வீட்டுப் பக்கம் திருப்பி நாலு மிதி மிதித்துவிட்டு, "ம், சொல்லு" என்றார். எந்தக் கொட்டகையிலும் ஓடாத ஒரு படத்தை நான் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.