தகட்டு வீட்டுக்கு எதிர்வீடு

மத்தியானத்தில் தொட்டால் சுரீரென்று சுடும், விடிகாலையில் கன்னத்தை வைத்தால் சில்லென்றிருக்கும். என் வயதுக்காரி காமாட்சி வீட்டுச் சுவரில் அடித்திருந்த அந்தத் தேயிலை விளம்பரத் தகட்டை, அவள் இல்லாத நேரமாகப் பார்த்து நான் இரண்டு விதமாகவும் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அதில் மஞ்சள் சேலை கட்டிய ஒருத்தி, கையில் கோப்பையும் முகத்தில் சிரிப்புமாக, நேராக எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆலங்குடி ரோட்டில் எங்கள் இரண்டு வீடும் எதிரெதிரே. யுத்தத்துக்கு முந்தி, தேயிலைக் கம்பெனிக்காரர் மோட்டாரில் வந்து ஊருக்கெல்லாம் இலவசமாக டீ ஊற்றிவிட்டு, தகடு அடிக்கச் சுவர் தேடியபோது முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். ஆனால் எங்கள் சுவர் முழுக்க என் ஆத்தா சாணியைத் தட்டி ஒட்டிய 'எருவாட்டி' காய்ந்துகொண்டிருந்தது. கொஞ்சம் எடுத்துவிட முடியுமா என்று அவர் தயங்கிக் கேட்டார். "அடுப்பெரிக்க ஆகாத தகரத்துக்காக எருவ எடுக்கச் சொல்றீங்களா? அங்கிட்டுப் போய்க் கேளுங்க" என்று ஆத்தா எதிர்வீட்டைக் காட்டிவிட்டாள். அங்கே மாடு கிடையாது, அதனால் வெறுஞ்சுவர். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனது, எட்டு வயதில் நான் கண்ட முதல் அநியாயம்.

அதுவரை கை காட்டிய இடத்திலெல்லாம் நின்ற பஸ், தகட்டை அடையாளம் வைத்து அங்கேயே நிற்க ஆரம்பித்தது. 'தகட்டு வீடு' என்று ஒரு ஸ்டாப்பே உண்டாகிவிட்டது. யுத்தம் வந்து பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடியபோது, கரியடுப்பைக் கிளறிவிட வண்டி வெகுநேரம் நிற்கும். இறங்கியவர்கள் காமாட்சியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, 'தகட்டு வீட்டுப் பாப்பா' என்று அவள் கன்னத்தைக் கிள்ளுவார்கள். எதிரே எங்கள் வீட்டிலும் தண்ணீர் இருந்தது, நானும் இருந்தேன். எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் அவர்கள் வீட்டில் பெரியவர்களெல்லாம் திருவிழாவுக்குப் போய், காமாட்சி மட்டும் உள்ளே தூங்கிக்கொண்டிருந்த சமயம், ஒரு கூடைச் சாணியில் வைக்கோலைப் பிசைந்து, அந்தச் சிரித்த முகத்தின் மேலேயே முதல் எருவாட்டியைத் தட்டினேன். தகடு மறையும்வரை தட்டினேன். மண்சுவரில் ஒட்டுகிற சாணி வழவழத் தகட்டில் நிற்குமா என்று யோசிக்கவில்லை. மறுநாள் காலையில் காய்ந்ததெல்லாம் பெயர்ந்து விழுந்து, விரல்தடம் மேலே தெரியக் கிடந்தது. எங்கள் பக்கத்தில் எருவாட்டியைப் பார்த்தே தட்டிய கை யாருடையது என்று சொல்லிவிடுவார்கள். எனக்கோ உலக்கை விழுந்து கோணிப்போன சுண்டுவிரல்.

காமாட்சியின் ஆத்தா ஒன்றைக் கையில் எடுத்து, "இது யாரு கை?" என்றாள். காமாட்சி தடத்தைப் பார்த்தாள், ரோட்டைத் தாண்டி என்னைப் பார்த்தாள். "நாந்தான் ஆத்தா, ரோட்டுச் சாணிய எடுத்துச் சும்மா தட்டுனேன்" என்றாள். முதுகில் இரண்டு அடி வாங்கிக்கொண்டு தகட்டைக் கழுவினாள்; அது முன்னைவிடப் பளபளத்தது. கடைசிவரை அவள் என்னிடம் அதைப்பற்றிக் கேட்கவேயில்லை. நன்றி தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது, இந்தப் பெருந்தன்மையும் அவள் வீட்டுக்கே போய்விட்டதே என்பதுதான்.

காமாட்சி காலமாகிப் பல வருஷமாயிற்று. அந்தச் சுவரை இடித்து மாடிவீடு கட்டிவிட்டார்கள். தகடு எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனதோ தெரியாது. ஒரே பெண் என்பதால் எங்கள் வீடு எனக்கு வந்தது, இன்னும் அப்படியே இருக்கிறது. ஊருக்கு அது 'தகட்டு வீட்டுக்கு எதிர்வீடு'. போன வாரம் பஸ்ஸில், பேரன் வயதுள்ள கண்டக்டர் எங்கே இறங்கவேண்டும் என்று கேட்டான். அறுபது வருஷத்துக்கு மேலாகியும் வேறு பேர் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. கோணல் விரலோடு கையை நீட்டி, "தகட்டு வீடு ஒண்ணு குடுப்பா" என்றேன்.