விதைப்பூண்டுக்குப் புகை வேண்டும்

எனக்குச் சேனாதிபதி என்று பெயர் வைத்தார்கள். ஐம்பத்தொரு வயதில் எனக்குக் கிடைத்த சேனை, பூண்டி கிராமத்துச் சுகாதாரக் குழு. பதவி, தலைவர். யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. கூட்டத்தில் நாற்காலி ஒன்றுதான் இருந்தது, அதில் நான் உட்கார்ந்திருந்தேன்.

குழுவின் முதல் வேலை புகையில்லா அடுப்பு. மலைக்குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு விறகு எரிக்கிற ஊர் இது. என் மனைவி மணிமேகலை இருபத்திரண்டு வருடம் அந்தப் புகையில் சமைத்து, நாலு எட்டு மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறவளாகிவிட்டாள். இனியும் புகை பட்டால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் மைக்கைப் பிடித்து, "நம்ம பொம்பளைங்க நுரையீரல்தான் நம்ம சொத்து" என்று முழங்கினேன். கைதட்டினார்கள். குழுப் பெண்களே மண் குழைத்து, முதல் அடுப்பை என் வீட்டில் கட்டி, கூரைக்கு மேலே புகைக்குழாயும் வைத்தார்கள்.

இரண்டு மாதத்தில் மணிமேகலையின் இருமல் நின்றது. இருமிக்கொண்டிருந்த நேரத்தில் எல்லாம் இப்போது என் குறைகளை எடுத்துச் சொன்னாள். உண்மையைச் சொன்னால், கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கோளாறு பரணில் ஆரம்பித்தது. விதைப்பூண்டை அடுப்புக்கு மேலே பரணில் கட்டித் தொங்கவிட்டு, புகை காட்டித்தான் நாங்கள் காப்பாற்றுவோம். அரைமணி நேரம் நுரையீரலைப் பற்றிப் பேசிய தலைவருக்கு இது ஞாபகம் வரவில்லை. பூண்டு பூசணம் பிடித்தது. அடுத்த நடவுக்கு வேறு விதை இல்லை.

மணிமேகலை தோட்டத்துக்குப் போன நேரம் பார்த்துக் கூரையேறி, குழாய்க்குள் ஒரு சாக்கைத் திணித்தேன். கொஞ்ச நாளைக்குத்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பத்து நாளில் பூண்டு தேறியது. அவள் பழையபடி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

குழுவில் இருக்கும் கந்தம்மாள் அடுப்பைப் பார்க்க வந்தார்.

"குழாய் சரியில்லீங்க. புகார் எழுதணும்" என்று நான் பேனாவைத் திறந்தேன்.

அவர் கூரையேறி, குழாய்க்குள் துறட்டியை விட்டு இழுத்தார். சாக்கு வந்தது. சந்தையில் மாறிவிடக் கூடாதென்று என் சாக்கு எல்லாவற்றிலும் பெயிண்டில் பெயர் எழுதி வைப்பது என் வழக்கம். கரியைத் தட்டியதும் 'சேனாதிபதி, பூண்டி' என்று தெரிந்தது.

"எழுதுங்க தலைவரே. யாரு மேல புகார்னு இதுலயே கெடக்கு" என்றார் கந்தம்மாள்.

மணிமேகலை திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டுவதற்கு அவளிடம் மூச்சு இல்லை. "பூண்டு கெட்டுப்போகுதுன்னு என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

பெண்கள் கூடி வழி கண்டுபிடித்தார்கள். ஊருக்கு மேலே மேட்டில் பொதுவாக ஒரு புகைக்கொட்டகை, எல்லோர் விதையும் அங்கே. தீ மூட்டுவது ஆண்களின் வேலை. கொட்டகை எழும்ப ஒரு மாதம் ஆனது. முதல் வாரம் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஈர விறகை ஊதினேன். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது, நெஞ்சடைத்து, வெளியே ஓடிவந்து குனிந்து இருமினேன். இருபத்திரண்டு வருடம் மணிமேகலை எங்கே ஓடியிருப்பாள் என்று அப்போதுதான் தோன்றியது. வெட்கமாக இருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். மணிமேகலை மேட்டில் எங்கும் நிற்காமல் ஏறி வந்துகொண்டிருந்தாள்.

"வெரசா உள்ள போங்க," என்றாள், "தீ அணஞ்சிரும்."