கடைசிப் பந்தி மான்கள்

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு காட்டுக்குள் நின்றுகொண்டு, "அடடா, மரங்களை எவ்வளவு அழகாக் கத்தரிச்சு வெச்சிருக்காங்க! இங்கே தோட்டக்காரர் யாருங்க?" என்று கேட்டவன் நான்தான்.

கேட்டதோடு விட்டேனா? ஃபிலிம் ரோலில் பதினோரு படத்தை அந்த மரங்களுக்கே செலவழித்தேன். ஒன்றில் நானும் இருக்கிறேன் — மரத்தில் சாய்ந்து, இடுப்பில் கை வைத்து, கதாநாயகன் மாதிரி.

என்னைக் கூட்டிப்போன செல்லமுத்து சிரிக்கவில்லை. வெள்ளகோவில்காரர். அங்கே கொறங்காடு வைத்திருக்கிறார் — கிளுவை வேலி கட்டி, ஆடு மாடு மேய்வதற்கென்றே விட்டுவைத்த நிலம். முட்டாளைக்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவார்.

"தோட்டக்காரன் அதா வாரானுங்க, பாருங்க" என்றார்.

திரும்பினேன். ஒரு புள்ளிமான். கொம்பு வைத்த ஆண். என்னைப் பார்த்து ஓடவில்லை. ஓட நேரமில்லை போலும். பின்னங்கால்களில் எழுந்து நின்றது. முன்னங்கால்களை அடிமரத்தில் ஊன்றி, கழுத்தை நீட்டி, நாக்கையும் நீட்டி... ஒரே ஒரு வேப்பங்கொத்து. எட்டவில்லை. இன்னும் எக்கியது. பிடித்துவிட்டது!

எனக்குச் சிலிர்த்தது. அந்தக் காட்டில் எல்லா மரமும் ஒரே உயரத்துக்குக் கீழே நூல் பிடித்தாற்போல மொட்டையாக இருக்கிறதே — அந்த நூல், ஒரு மான் எக்கினால் எட்டும் உயரம்! கத்தரிக்கோலும் இல்லை, ஏணியும் இல்லை. நூற்றுக்கணக்கான வாய்கள் சேர்ந்து இழுத்த கோடு.

நாங்கள் போனது மான் பார்க்க அல்ல. காரமடையைத் தாண்டி ஒரு பழைய குளத்துக்காடு. அதை ஒட்டி செல்லமுத்துவின் அக்கா மயிலாத்தாளின் தோட்டம். "அக்கா ஊட்டு வேலி காணாமப் போகுதாமுங்க" என்று எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டார். வேலியைத் திருடுவார்களா என்ன? வேடிக்கை பார்க்கக் கிளம்பிவிட்டேன்.

வேலியைத் தின்றுகொண்டிருந்தார்கள்.

கிளுவையில் இலை என்று ஒன்று இல்லை. பட்டையைக்கூட மான்கள் உரித்து எடுத்திருந்தன. ஆள் நுழைகிற அகலத்துக்கு நாலு இடத்தில் ஓட்டை. உள்ளே ஒன்றரை ஏக்கர் தீவனச் சோளம். வெயில் காலம் முழுக்க மயிலாத்தாளின் இரண்டு மாடுகளுக்கும் அதுதான் சாப்பாடு.

"இன்னும் பத்து நாளுங்க. அது வரைக்கும் தாங்கிச்சுன்னா அறுத்துப் போர் போட்டுப்போடுவேன்" என்றார் அவர், முள் வெட்டிக்கொண்டே. "பக்கத்துத் தோட்டத்துல கரண்டுக் கம்பி இழுக்கச் சொல்றாங்க. எனக்கு மனசு வல்லீங்க."

"முன்னெல்லாம் மான் வேலியைத் தின்னுமா அக்கா?" என்றேன்.

"மோந்துகூடப் பாக்காதுங்க."

மழை இல்லாததால் வந்த பசி என்று என் மேதாவித்தனத்தை எடுத்துவிட்டேன். செல்லமுத்து என்னைக் காட்டின் குறுக்கே ஓடும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனார்.

அங்கே வேறு உலகம்! அதே மண், அதே மழை, அதே வேம்பு. ஆனால் கிளைகள் தரையைத் தொட்டன. புல் முழங்கால் வரை. அந்தப் பக்கம் ஊர் நாய்கள் அதிகம். ஏழெட்டு மான்தான் துணிந்து மேயுமாம். அவை புல்லிலும் கொழுந்து நுனியை மட்டும் கிள்ளிவிட்டு, மிச்சத்தைச் சீண்டாமல் போயிருந்தன. பெரிய இடத்துப் பிள்ளைகள்!

செல்லமுத்து இரண்டு பக்கத்துப் புழுக்கையையும் எடுத்து உள்ளங்கையில் நசுக்கினார். ஒன்று பச்சைப் பொடி. இன்னொன்று வெறும் நார், சருகு, பட்டைத் தூள்.

"கொறங்காட்டுல பத்து ஆடு உட்டா நுனியைக் கடிச்சுட்டு நவுந்துரும். நாப்பது உட்டா முள்ளையும் முழுங்கும். ஆடு மாறலீங்க. பக்கத்துல மேயற வாயி கூடிப்போச்சு, அவ்வளவுதான். அதனாலதான் நாங்க புல்லைப் பாக்கறதுக்கு முன்னால தலையை எண்ணுவோம்."

எனக்குக் கல்யாணப் பந்தி ஞாபகம் வந்தது. முதல் பந்தியில் உட்கார்ந்தால் நான் மகாராஜா — ஜிலேபி மட்டும் போதும், பொரியலை ஒதுக்கு, ரசம் வேண்டாம். கடைசிப் பந்தி என்றால்? மிஞ்சிய பாகற்காய்க் கூட்டை இரண்டாம் முறை கேட்டு வாங்கியிருக்கிறேன். எனக்குப் பிடித்த சாப்பாடு எது என்பதை இத்தனை நாளும் என் நாக்கு முடிவு செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன்... எனக்கு முன்னால் எத்தனை பேர் உட்கார்ந்து எழுந்தார்கள் என்பதல்லவா முடிவு செய்திருக்கிறது!

திரும்பி வந்தபோது, வேலிக்கு வெளியே அவை வரிசையாக நின்றன. முப்பதா, நாற்பதா — எண்ண வரவில்லை. விலா எலும்பு தெரிந்தது. குட்டிகள் காய்ந்த சருகைப் பொறுக்கின. இவ்வளவு பசியிலும் புள்ளிகள் மட்டும் அப்போதுதான் போட்ட கோலம் மாதிரி மின்னின. அழகை ரசிப்பதா, அழுவதா? வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

மயிலாத்தாள் நிற்கவில்லை. ஓட்டையில் முள்ளைத் திணித்துக்கொண்டிருந்தார். மூன்று அடைத்தாயிற்று. நான்காவதற்கு முள் போதவில்லை. "கொஞ்சம் புடிங்க சாமி" என்று ஒரு முள்ளுக்கட்டை என்னிடம் நீட்டினார். பிடித்தேன். குத்தியது. விட்டுவிட்டேன். அந்தச் சத்தத்துக்கு மான்கள் இரண்டடி பின்னால் போய், மூன்றடி முன்னால் வந்தன.

ஏதாவது உருப்படியாகச் செய்ய வேண்டாமா நான்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: "கவலைப்படாதீங்க அக்கா. இந்த வாரமே இதைப் பத்திரிகையில எழுதிடறேன்."

அவர் தலை நிமிராமல் கேட்டார்:

"மானு படிக்குமுங்களா?"